நான் விட்டுவிட்ட முதல் பத்தி

மேடையில் நான் தோற்றதில்லை. இதைச் சொல்லும் தொனியில் பணிவு இல்லை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். பணிவு எனக்குப் பின்னாளில் வந்தது. அது வந்த வழியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நீடாமங்கலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பொங்கல் விழா என்றாலும் பள்ளி ஆண்டு விழா என்றாலும் பட்டிமன்றத்துக்கு என்னை அழைப்பார்கள். எந்த அணியில் உட்காரவைத்தாலும் பேசுவேன். ஒரே தலைப்பில் காலையில் ஒரு பக்கமும் மாலையில் இன்னோர் ஊரில் மறுபக்கமும் பேசி, இரண்டு இடத்திலும் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். கூலிக்கு நாற்றுப் பறித்த குடும்பத்தில் பிறந்து, அந்த நிலத்துக்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்க ஒலிபெருக்கியைப் பிடித்தவள் என்ற செருக்கு எனக்கு உண்டு. அதை நான் இன்றும் விடவில்லை. பேச்சுக்கென்று நான் வைத்திருந்த விதி ஒன்றே ஒன்று: எதிரணிக்கு உதவக்கூடிய உண்மை நம் கையில் இருந்தால் அதை நாமாக எடுத்துக் கொடுக்கக் கூடாது. அவர்களாகக் கண்டுபிடித்துச் சொன்னால் பதில் சொல்லிக்கொள்ளலாம். இந்த விதியோடுதான் என் அக்காவின் வழக்குக்குள் நான் நுழைந்தேன்.

அக்காவுக்கு அது முதல் பிரசவம். தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவள் கணவர் விடுப்பில் வந்திருந்தார். வலி முற்றி அவள் துடித்துக்கொண்டிருந்தபோது நர்ஸ் ஒருத்தி அட்டையில் செருகிய தாள்களை நீட்டினாள். "எல்லாரும் போடுறதுதாங்க, கையெழுத்துப் போடுங்க" என்றாள். அக்கா போட்டாள். எழுத்து கோடு தாண்டி ஓடியது. பிறகு உள்ளே கொண்டுபோனார்கள். வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். இரத்தப்போக்கு நிற்கவில்லை என்றும், கஷ்டமாக இருந்தது என்றும், தாயைக் காப்பாற்றிவிட்டோம் என்றும் வெளியே வந்து சொன்னார்கள். குழந்தை மூன்றாம் நாள் இறந்தது. மருத்துவர் அத்தானை மட்டும் நடைபாதையின் கோடிக்கு அழைத்துப்போய் ஏதோ பேசினார். நாங்கள் குழந்தையைப் பற்றி என்று நினைத்துக்கொண்டோம். ஒரு மாதத்தில் அவர் கப்பல் துறை வேலைக்குத் திரும்பிப் போனார். மருத்துவமனை கொடுத்த சீட்டுகளெல்லாம் அவர் பெட்டியிலேயே போயின.

அதன் பிறகு எட்டு மாதம் அக்கா சமையலறைக் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாதவிலக்கு வரவில்லை. துக்கத்தில் உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று அம்மா சொன்னாள். மாதம் பிறந்தால் அக்கா புதுத் தாளில் ஒரு தேதியைப் பேனாவால் மெல்ல வட்டமிடுவாள். மாதம் முடிந்தால் அந்தத் தாளைக் கிழிப்பாள். சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் கட்டும் நாளில்தான் ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம் என்று நான் அவளைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனேன். ஸ்கேன் எடுத்த பெண் திரையைப் பார்த்தபடி சாதாரணமாகக் கேட்டாள்:

"யூட்ரஸ் எப்பம்மா எடுத்தாங்க?"

அக்கா என்னைப் பார்த்தாள். யூட்ரஸ் என்றால் கருப்பை என்று அவளுக்குத் தெரியும். தெரியாதவள்போல என்னிடம் கேட்டாள்: "என்னத்த எடுத்தாங்களாம்?"

அன்று மாலை சிங்கப்பூருக்கு நான்தான் போன் செய்தேன். அத்தான் மறைக்கவில்லை. "டாக்டர் அப்பவே சொன்னாங்க. இப்ப சொன்னா அவ தாங்க மாட்டாள்னு நாந்தான் வேணாம்னேன். அப்புறம் எப்பச் சொல்றதுன்னே தெரியல" என்றார். நல்ல மனிதர்தான். கொஞ்ச நாளில் அவர் போன் வருவது குறைந்தது, பிறகு வரவில்லை.

தஞ்சாவூர் வக்கீல் ஒருவரிடம் போனோம். அவர் மேசைமேல் கட்டுகள் குவிந்திருந்தன; தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"என்ன பரிகாரம் கேக்குறீங்க?"

"பரிகாரம்னா?" என்றாள் அக்கா.

"கோர்ட்டு உங்களுக்கு என்ன செய்யணும்? நஷ்டஈடு எவ்வளவு?"

"எங்கிட்ட சொல்லியிருக்கணும்னு யாராவது கோர்ட்ல சொல்லணும் சார். அது போதும்."

வக்கீல் அப்போதுதான் நிமிர்ந்தார். "அதுக்குன்னு தனியா பிராது எழுத முடியாதும்மா. நஷ்டஈடு கேட்டாத்தான் கேஸ். ஆனா நீங்க சொல்றத வேற ஒரு ஆளு சொல்ல முடியும்."

அவர் சொன்ன ஆள் ஓய்வு பெற்ற மருத்துவப் பேராசிரியர். கல்லூரியில் மாணவர்களுக்கு மருத்துவ அறநெறி நடத்தியவர். நோயாளியிடம் எதைச் சொல்ல வேண்டும், யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், எது கேட்காமல் செய்யக்கூடாதது என்பதெல்லாம் அவர் பாடம். நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்தான் சாட்சி என்று அதுவரை நான் நினைத்திருந்தேன். நடந்திருக்க வேண்டியதைச் சொல்லவும் ஒருவரைக் கூண்டில் ஏற்றலாம் என்பது எனக்குப் புதிது. மருத்துவமனைமேல் வழக்குப் போட்டு அவரைச் சாட்சியாகக் குறித்தபோது எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது. "இவர் என்ன பார்த்தார்? கோயில்ல உபன்யாசம் பண்ண வேண்டியவரைக் கோர்ட்டுக்குக் கூப்பிடுறாங்க" என்று அவர்கள் வக்கீல் சொன்னபோது சிரிப்பு எழுந்தது. நீதிபதி சிரிக்கவில்லை. அனுமதித்தார்.

பேராசிரியரின் வீடு புதுக்கோட்டைச் சாலையில் இருந்தது. நீதிமன்றம் வரவழைத்த மருத்துவக் குறிப்பேட்டின் நகலை அவர் நான்கு நாள் வைத்துப் படித்திருந்தார். அக்காவிடம் அவர் கேட்ட கேள்விகள் வேறு மாதிரி இருந்தன. கண் விழித்ததும் யார் பக்கத்தில் இருந்தார்கள்? தையல் பிரிக்கும் நாளில் டாக்டர் என்ன பேசினார்? "அடுத்த குழந்தை எப்பப் பெத்துக்கலாம்னு அவங்ககிட்ட கேட்டீங்களா?" என்றார். "கேட்டேங்க. உடம்பத் தேத்திக்கம்மா மொதல்லன்னாங்க" என்றாள் அக்கா. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் கழித்து நான் மட்டும் போனபோது இரண்டு பக்கக் குறிப்பைத் தந்தார். சாய்ந்த, தெளிவான கையெழுத்து. முதல் பத்தி இப்படி இருந்தது:

"அன்று அந்த அறையில் நான் இருந்திருந்தால் நானும் கருப்பையை எடுத்திருப்பேன். இரத்தப்போக்கை நிறுத்த மற்ற வழிகள் எல்லாம் செய்து பார்த்திருக்கிறார்கள். எடுக்காவிட்டால் இந்தப் பெண் இறந்திருப்பாள். மயக்கத்தில் இருந்தவளை எழுப்பி அனுமதி கேட்டிருக்க முடியாது. இதில் மருத்துவரைக் குறைசொல்ல என்னிடம் எதுவுமில்லை."

இரண்டாம் பத்தி: "ஆனால் அவள் கண் விழித்த பிறகு அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். கணவரிடம் சொன்னது அவளிடம் சொன்னதாகாது. அவள் உடம்பைப் பற்றிய செய்தி முதலில் அவளுக்கு உரியது. அவள் நேரே கேட்டபோதும் சொல்லாமல் விட்டது தவறு."

மற்றவை விளக்கங்கள்.

நீதிமன்றத்தில் ஒரு நடைமுறை உண்டு. சாட்சி தன் பக்கம் சொல்ல வேண்டியதை முதலிலேயே நிரூபண வாக்குமூலமாக எழுத்தில் கொடுத்துவிடுவார். பிறகு அவரைக் கூண்டில் நிறுத்தி அதன்மேல் எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்யும். அந்த வாக்குமூலத்தை எழுதும் வேலையை வக்கீல் என்னிடமே விட்டார். "நீ மேடையில பேசுற பொண்ணு. சார் குடுத்த குறிப்ப நல்ல தமிழ்ல, பத்தி பத்தியா நம்பர் போட்டு அடிச்சிட்டு வந்துடு. நான் ஒரு பார்வை பாத்துக்குறேன்."

ரயிலில் திரும்பும்போதே எனக்குள் வாக்கியங்கள் ஓடத் தொடங்கின. முதல் பத்தியை நான் மூன்று முறை படித்தேன். அதில் இருப்பது உண்மை என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. எதிரணியின் முழு வாதமும் நம் சாட்சியின் வாயாலேயே சொல்லப்பட்டிருக்கிறது என்பதுதான் எனக்குத் தெரிந்தது. அதை மட்டும் நீக்கினேன். அந்த இடத்தில் என் வாக்கியம் ஒன்றை வைத்தேன்: "ஒரு பெண்ணின் சம்மதமின்றி அவள் கருவறையைத் தொட உலகில் எந்தக் கைக்கும் உரிமையில்லை." வீட்டுக்கு வந்து எழுதி முடித்து உரக்கப் படித்துப் பார்த்தேன். கைதட்டல் வரும் வாக்கியம்தான்.

அக்கா அடுப்படியிலிருந்து கேட்டாள்: "சார் என்ன எழுதியிருக்காரு?"

"நமக்குச் சாதகமாத்தான்" என்றேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. அவசியமில்லாமல் தன் கருப்பையை எடுத்துவிட்டார்கள் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். எதிர்த்தரப்பு உயிரைக் காப்பாற்றினோம் என்று நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்த எதிருரையில் சொல்லியிருந்ததைப் பொய் என்று அவளிடம் சொன்னவள் நான்தான். அந்தக் கோபம் அவளை நிமிர்த்தி வைத்திருந்தது. அது அவளுக்குள் வேறு எதையெல்லாம் தின்றுகொண்டிருந்தது என்று நான் பார்க்கவில்லை. மாமியார் வீட்டுச் சாமியை மாற்றிக் கும்பிட்டதாலா, நிறைமாதத்தில் வயல் வரப்பில் வழுக்கி உட்கார்ந்ததாலா, நல்ல ஆஸ்பத்திரியாகப் பார்த்துச் சேராததாலா என்று அவள் அம்மாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை.

கையெழுத்து வாங்கப் போன நாளில் பேராசிரியர் கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தார். கண்புரை அறுவை செய்து நான்கு நாள் ஆகியிருந்தது. படிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அடுத்த நாள் தாக்கல் செய்ய வேண்டிய கெடு.

"நான் எழுதிக் குடுத்ததுதானேம்மா?"

"ஆமாங்க சார். தமிழ மட்டும் கொஞ்சம் சரி பண்ணியிருக்கேன்."

"என் தமிழ் மோசம்தான்" என்று சிரித்தார். "எங்கன்னு காட்டு."

அவர் விரலைப் பிடித்துக் கோட்டின்மேல் வைத்தேன். நான்கு பக்கத்திலும் கையெழுத்திட்டார். எழுத்து கோடு தாண்டி ஓடியது. அதை நான் வேறு எங்கே பார்த்தேன் என்று அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

வாய்தாவுக்குமேல் வாய்தாவாகப் பதினொரு மாதம் போயிற்று. நீதிபதி விடுப்பு, வக்கீல்கள் புறக்கணிப்பு, எதிர்த்தரப்பு அவகாசம். ஒருவழியாக டவாலி பேராசிரியரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட நாளில் அக்கா நீலச் சேலை கட்டிக்கொண்டு இரண்டாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியிலிருந்த கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். பேராசிரியர் தன் சொந்தக் குறிப்பின் நகலை அன்று காலையிலும் படித்துவிட்டு வந்திருந்தார். வாக்குமூலத்தில் இருக்கும் கையெழுத்து தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"ஐயா, உங்க வாக்குமூலத்தின் முதல் பத்தியைப் படிக்கிறேன்." படித்தார். என் வாக்கியம் அந்த அறையில் ஒலித்தது. மேடையில் அழகாக ஒலித்திருக்கும் அது அங்கே உப்பில்லாமல் இருந்தது. "அப்படின்னா, மயக்கத்துல, ரத்தம் நிக்காம கிடக்குற பொண்ணைத் தொடாம சாக விட்டிருக்கணும்கிறீங்களா?"

"இல்லை. நானும் கருப்பையை எடுத்திருப்பேன். எடுக்காவிட்டால் அந்தப் பெண் இறந்திருப்பாள்."

பக்கத்தில் அக்காவின் கை அசைவதை நிறுத்தியது.

"அப்ப இந்த வாக்கியம்?"

பேராசிரியர் தாளை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். முழுப் பத்தியையும் படித்தார். 

"இது என் வாக்கியம் அல்ல."

"கையெழுத்து உங்களோடதுதானே?"

"என்னுடையதுதான்."

"படிச்சுப் பாக்காமலா கையெழுத்துப் போட்டீங்க?"

கண் அறுவையைச் சொல்லியிருக்கலாம். என்னைச் சுட்டியிருக்கலாம். அவர் சொன்னது: "ஆமாம். படிக்கவில்லை."

"படிக்காம, என்னன்னு தெரியாமப் போடுற கையெழுத்துக்கு மதிப்பு இல்லைன்னுதானே ஐயா நீங்க காலேஜ்ல பாடம் நடத்துனீங்க?"

பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். "ஆமாம்" என்றார் பேராசிரியர்.

நீதிபதி தட்டச்சருக்குச் சொன்னார்: "வாக்குமூலத்தை நான் படித்துப் பார்க்காமல் கையொப்பமிட்டேன் என்றால் சரிதான்." எங்கள் நீதிமன்றங்களில் சாட்சியத்தை இப்படித்தான் பதிவார்கள். எதிராளி வீசிய கேள்வி சாட்சியின் சொந்த வாக்கியமாகி, 'என்றால் சரிதான்' என்று முடியும்.

"மேற்கொண்டு கேள்வி இல்லை" என்று எதிர்வக்கீல் உட்கார்ந்தார். வென்ற இடத்தில் நிறுத்தத் தெரிந்தவர். நானும் அப்படிப்பட்டவள்தான்.

"ஆனால் அந்தப் பெண் கண் விழித்த பிறகு…" என்று தொடங்கினார் பேராசிரியர்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் போதுங்க" என்றார் எதிர்வக்கீல், உட்கார்ந்தபடியே.

குறுக்கு விசாரணை முடிந்ததும் தன் சாட்சியிடம் மீண்டும் கேள்வி கேட்க எங்கள் வக்கீலுக்கு ஒரு வாய்ப்பு உண்டு; நீதிபதி அவரைப் பார்த்தார். "மறு விசாரணையில் கேட்கிறீர்களா?"

ஒரே ஒரு கேள்வி போதும். அக்கா முன்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். எங்கள் வக்கீல் என் பக்கம் திரும்பி, உதடு அசையாமல் சொன்னார்: "இன்னும் தோண்டுனா யாரு எழுதுனதுன்னு வரும். உன் பேரு வரும், என் பேரும் வரும்." பிறகு எழுந்து, "மறு விசாரணை இல்லை" என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் பேராசிரியர் நின்றிருந்தார். என்னை அவர் பார்க்கவில்லை, கோபமும் காட்டவில்லை. அக்காதான் அவரிடம் போனாள்.

"சார், நான் வரப்புல விழுந்ததாலயா இதெல்லாம் ஆச்சு? எடுக்கலேன்னா நான் செத்திருப்பேனா?"

"ஆமாம்மா. உங்களால ஆனது எதுவுமில்லை, வரப்புல விழுந்ததாலயும் இல்லை. எடுக்கலேன்னா செத்திருப்பீங்கன்னு எழுதித்தானே குடுத்தேன், முதல் பத்தியிலயே." பிறகு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உங்ககிட்டதாம்மா சொல்லியிருக்கணும். நீங்க கேட்டப்பவாவது சொல்லியிருக்கணும்."

அக்கா தலையாட்டினாள். "இத உள்ள சொல்லியிருக்கலாமே சார்."

"உள்ள என் சொல்லு செல்லாமப் போயிடுச்சும்மா" என்றார் அவர். குடையை விரித்துக்கொண்டு பேருந்து நிற்கும் பக்கம் நடந்தார். அன்று வெயில்கூட இல்லை.

தீர்ப்பு சில மாதம் கழித்து வந்தது. வழக்குத் தள்ளுபடி. தான் கையொப்பமிட்டது என்னவென்றே அறியாத சாட்சியின் கருத்தை ஏற்க இயலாது என்று அதில் ஒரு வரி இருந்தது. அதைக் கேட்டு நான் அழுதேன், அக்கா அழவில்லை. அவள் வழக்கு குறுக்கு விசாரணை நடந்த அன்று மாலையே, ரயிலில் முடிந்திருந்தது.

பயணிகள் ரயில். சாலியமங்கலம் தாண்டியதும் இருபுறமும் தாளடி நட்ட வயல்கள், நீர் பளபளத்தது. கூட்டம் குறைந்து எதிரெதிரே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தோம். அக்கா கேட்டாள்.

"அந்தத் தாளு உங்கிட்ட இருக்கா?"

கோப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்து இரண்டு பக்கத்தையும் படித்தாள். முதல் பத்திக்குத் திரும்பி வந்தாள். இரண்டாம் பத்தியில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டுபவள்போல மெல்ல உதட்டை அசைத்துப் படித்தாள். இத்தனை நாள் அவள் கேட்டுக்கொண்டிருந்த வாக்கியம் அதுதான். என் கோப்புக்குள்தான் அது இருந்தது.

"இதெல்லாம் உனக்கு எப்பத் தெரியும்?"

மேடையில் நான் ஒருமுறைகூடப் பதிலுக்குத் திணறியதில்லை.

"எழுதிக் குடுத்தப்பவே" என்றேன்.

"எத்தன மாசம் ஆச்சு?"

"பதினொரு மாசம்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது. அந்தக் கணக்கு எனக்கு முன்பே தெரியும்.

"அவங்க எட்டு மாசந்தாண்டி சொல்லாம இருந்தாங்க" என்றாள்.

அக்காவின் நன்மைக்குத்தான் செய்தேன், எதிரணி பயன்படுத்திக்கொள்ளும் என்றுதான் மறைத்தேன், தாங்கமாட்டாய் என்று நினைத்தேன் — எல்லா வாதமும் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றையும் இதற்கு முன் யாரோ சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அத்தான் போனில் சொன்னார். எதிருரையில் மருத்துவமனை சொல்லியிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. நீதிபதியின் குரலில் ஒரு வாக்கியம் மட்டும் எனக்குள் தட்டச்சாகிக்கொண்டிருந்தது: எனக்கு முன்பே தெரியும் என்றால் சரிதான். நான் அவளிடம் சொல்லவில்லை என்றால் சரிதான்.

நீடாமங்கலத்தில் இறங்கியபோது அவள் பையை நான் தூக்கப் போனேன். "இருக்கட்டும்" என்று வாங்கிக்கொண்டாள். தாளைத் திருப்பித் தரவில்லை. நடைமேடையில் எனக்கு முன்னால், அவசரமில்லாமல், நடந்து போனாள்.